பெட்டியில் கிடந்த சதுரங்கள்: உவர்மலை வீடொன்றில் வெட்டுத்துண்டுகளைத் தைத்து முடித்த கதை

திருகோணமலை உவர்மலையில் என் சின்னம்மாவின் வீட்டு அலுமாரியில் இரண்டு ஆண்டுகளாகக் கிடந்த ஒரு பெட்டித் துணித் துண்டுகளை, ஒரே ஒரு சதுரம் தவிர முழுவதையும், மாசி தொடங்கி ஆனி வரையான ஐந்து மாதங்களில் பயன்படும் பொருள்களாகத் தைத்து முடித்தோம். அதில் எதைச் செய்தோம், எங்கே பிழைத்தோம், எந்தக் கணக்கு எங்களைத் திருத்தியது என்பதையே இங்கு பதிவு செய்கிறேன். வேலையில் ஈடுபட்டோர் மூவர்: துணிக்கு உரிமையாளரான சின்னம்மா, சட்டை தைத்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட அயல்வீட்டு அக்கா, மனைப்பொருளியல் படிப்பித்து ஓய்வுபெற்ற நான். குயில்ட் எனப்படும் ஒட்டுப்போர்வையை எங்கள் மூவரில் எவரும் அதற்கு முன் தைத்ததில்லை.

துண்டுகள் கனடாவிலிருந்து வந்தவை. சின்னம்மாவின் மூத்த மகள் அங்கே தையல் பழகத் தொடங்கி, கடைகளில் அழகாகச் சுற்றிக் கட்டி வைத்திருந்த பொதிகளை ஆசைப்பட்டு வாங்கிச் சேர்த்து, பின்னர் வேலைப்பளுவில் ஒன்றையும் தொடாமல், வீடு மாறும்போது கடல்வழிப் பெட்டியில் பால்மாவுக்கும் சொக்கலேட்டுக்கும் நடுவே தாய்க்கு அனுப்பிவிட்டாள். இப்படி முன்கூட்டியே ஒரே அளவில் வெட்டி விற்கும் துணி அமெரிக்க வழக்கம். ஒரு துணி நிறுவனம் ஒரு பருவத்துக்கு வெளியிடும் பூவேலைகள் அனைத்திலும் ஒவ்வொரு துண்டை எடுத்து ஒரு பொதியாக்குகிறார்கள். ஐந்து அங்குலச் சதுரங்கள் கொண்டதைச் சார்ம் பேக் என்றும், பத்து அங்குலச் சதுரங்கள் கொண்டதை லேயர் கேக் என்றும், இரண்டரை அங்குல அகலத்தில் துணியின் முழு அகலத்துக்கும் வெட்டிய நாடாக்களைச் சுருட்டி வைத்ததை ஜெல்லி ரோல் என்றும் அழைக்கிறார்கள். கடைசிப் பெயர் மோடா என்னும் நிறுவனத்துக்கு உரியது. பின்னிரண்டுக்கும் தின்பண்டப் பெயர்களாக வைத்திருப்பது வாங்குபவரின் மனநிலையை நன்கு அறிந்து செய்த வேலை என்றே எனக்குப் படுகிறது, ஏனெனில் அவை தைப்பதற்காக வாங்கப்படுவதைவிடப் பார்த்து மகிழ்வதற்காக வாங்கப்படுவதே அதிகம்.

பெட்டியைத் திறந்து முதலில் எண்ணினோம். ஐந்து அங்குலச் சதுரங்கள் 42 வீதம் ஐந்து பொதிகளும், உடைத்த பொதியொன்றில் எஞ்சிய 27 சதுரங்களுமாக மொத்தம் 237. பத்து அங்குலச் சதுரங்கள் 42. நாடாக்கள் 40 வீதம் இரண்டு சுருள், ஆக 80. எல்லாம் முழுப் பருத்தி. விளிம்புகள் நேராக இல்லாமல், நூல் பிரியாதிருப்பதற்காக மரமறுக்கும் வாள்போலப் பல்பல்லாக வெட்டப்பட்டிருந்தன. மாரிகாலத்தை இரண்டு முறை பொலித்தீன் உறைக்குள்ளேயே கழித்ததால் வெளிர்நிறத் துண்டுகள் சிலவற்றின் மடிப்புகளில் மஞ்சள் கோடு விழுந்திருந்தது. கடலருகே வாழும் எங்களுக்கு இது புதிதல்ல. வாடைக்காற்று வீசும் மாதங்களில் காற்றோட்டமில்லாத உறை துணியைக் காப்பதில்லை, ஈரத்தையே காக்கிறது. எஞ்சியவற்றை அன்றே ஒரு பழைய பருத்தித் தலையணை உறைக்குள் மாற்றினோம். துணியில் குத்தியிருந்த குண்டூசிகளையும் எடுத்துவிட்டோம், ஏனெனில் உப்புக்காற்றில் அவை துருப்பிடித்தால் அந்தக் கறை போவதே இல்லை.

இரண்டு ஆண்டுகளாக ஏன் தொடவில்லை என்று சின்னம்மாவிடம் கேட்டேன். துணி நல்லதென்றும் வெட்டப் பயமாக இருந்ததென்றும் முதலில் சொன்னார். சற்று நேரம் கழித்து உண்மையான காரணம் வெளிவந்தது: "பிள்ளை, ஒட்டுப்போட்ட துணியை ஆர் விரிச்சுப் படுக்கிறது? வாற சனம் என்ன நினைக்கும்?" இந்தக் கேள்வியை நான் இலேசாக எடுக்கவில்லை. ஒட்டு என்பது எங்கள் வீடுகளில் இல்லாமையின் அடையாளமாகவே இருந்து வந்திருக்கிறது. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து திரிந்த தலைமுறைக்கு அது நினைவிலும் உண்டு. அதே நேரத்தில், பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் கிடத்தாமல் பாட்டியின் பழஞ்சேலையில் கிடத்துவதும், அச்சேலையிலேயே ஏணை கட்டுவதும் எங்கள் வழக்கந்தான். பழையதும் மெல்லியதும் உடம்புக்கு இதம் என்பதில் சின்னம்மாவுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இந்த வழியாகத்தான் அவருடைய சம்மதத்தைப் பெற்றோம்.

முதல் முயற்சி தோல்வி. இரண்டு சதுரங்களை முகம் பார்க்க வைத்து, மூலைவிட்டத்தின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, நடுவே வெட்டினால், இருநிறம் கொண்ட இரண்டு சதுரங்கள் கிடைக்கும். ஒட்டுப்போர்வைகளில் காணும் காற்றாடி, நட்சத்திரம் முதலிய கோலங்களுக்கெல்லாம் இதுவே அடிப்படை. அக்காவுக்கு அந்தக் கோலங்கள் பிடித்திருந்ததால் ஒரு பொதியின் 42 சதுரங்களையும் இப்படியே தைத்தோம். அவற்றில் இரண்டு குறைகள் வெளிப்பட்டன. ஒன்று, ஒரே பருவத்துத் துணிகள் ஒன்றோடொன்று பொருந்துமாறு தெரிவு செய்யப்பட்டவை என்பதால் பெரும்பாலானவை நடுத்தர நிறங்கள்; கடும் நிறத்துக்கு எதிரே வெளிர் நிறம் இல்லாதபோது காற்றாடி காற்றாடியாகத் தெரிவதில்லை, தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கலங்கல். மற்றையது, மூலைவாக்கில் வெட்டிய விளிம்பு, அதாவது தையற்காரர் கிராஸ் என்று சொல்வது, பாவுநூலையோ ஊடைநூலையோ பற்றி நிற்பதில்லை. மின்னழுத்தியை இழுத்துத் தேய்த்தவுடன் அது நீண்டு கோணலாகிவிட்டது. எல்லாவற்றையும் நாலரை அங்குலத்துக்கு வெட்டிச் சீராக்கி, ஆறுக்கு ஏழாக மூட்டியபோது 24 அங்குலத்துக்கு 28 அங்குலம் கொண்ட ஒரு துணி கிடைத்தது. அதற்கு உட்துணி வைத்து இப்போது அக்காவின் தையல் இயந்திரத்துக்கு மூடியாகப் போட்டிருக்கிறோம்.

அன்றிரவு நான் ஒரு கொப்பியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த ஆய்வின் மையம் அந்தக் கணக்குத்தான் என்பதால் அதைச் சற்று விரிவாகத் தருகிறேன். ஒவ்வொரு தையலும் ஒவ்வொரு துண்டிலிருந்தும் கால் அங்குலத்தை விழுங்குகிறது. ஐந்து அங்குலச் சதுரத்தின் பரப்பு 25 சதுர அங்குலம். நான்கு பக்கமும் தைத்து முடித்தபின் கண்ணுக்குத் தெரிவது நாலரைக்கு நாலரை, அதாவது 20.25, நூற்றுக்கு 81 பங்கு மிஞ்சுகிறது. அதே சதுரத்தை நான்காக வெட்டிச் சிறு சதுரங்களாகத் தைத்தால் ஒவ்வொன்றும் இரண்டுக்கு இரண்டாகச் சுருங்கி, மொத்தம் 16 சதுர அங்குலமே எஞ்சும், 64 பங்கு. நாங்கள் செய்த முக்கோண வேலையிலும் மிஞ்சியது சரியாக அதே 64 பங்குதான். பத்து அங்குலச் சதுரத்தை வெட்டாமல் தைத்தால் 100 சதுர அங்குலத்தில் 90.25 மிஞ்சும். 42 சதுரங்களை வெட்டாமல் நேராகவே மூட்டியிருந்தால் 27 அங்குலத்துக்கு 31½ அங்குலம் கிடைத்திருக்கும் என்பதையும், எங்கள் காற்றாடி அதைவிட 178.5 சதுர அங்குலம் குறைவு என்பதையும் மறுநாள் கொப்பியைக் காட்டிச் சொன்னேன். அக்கா சற்று நேரம் பேசாமல் இருந்தார். கூலிக்குத் தைப்பவருக்குத் துணிச்சேதம் என்பது வெறும் எண்ணல்ல.

அதன்பின் இரண்டு விதிகளை வைத்துக்கொண்டோம். வந்த அளவைக் கலைத்து மீண்டும் வெட்டுவதில்லை. கோலத்திலிருந்து தொடங்காமல், வீட்டுக்கு என்ன தேவை என்பதிலிருந்து தொடங்கி, அந்த அளவுக்கு எத்தனை துண்டு வேண்டும் என்று எண்ணிய பிறகே ஊசியில் நூல் கோப்பது.

பெரிய சதுரங்களைத் தொடுமுன் தையலின் அளவைச் சரிபார்த்தோம். கால் அங்குலம் என்பது மேசன்மார் கணக்கில் இரண்டு நூல். அக்காவுக்கு அரை அங்குலத்துக்கும் மேல் விட்டுத் தைப்பதே கைவந்த பழக்கம், ஏனெனில் சட்டையைப் பின்னர் பெருப்பிக்க இடம் வேண்டும். ஒட்டுத் தையலில் அந்த நல்ல பழக்கமே கெடுதலாகிறது. ஒரு மூட்டில் வீசம், அதாவது அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு, கூடினாலும் இரண்டு துண்டுகளிலிருந்தும் சேர்த்து அரைக்கால் அங்குலம் போய்விடும்; ஏழு சதுரங்கள் கொண்ட வரிசையில் ஆறு மூட்டுகள் இருப்பதால் முடிவில் முக்கால் அங்குலம் குறைந்து, பக்கத்து வரிசையோடு மூலைகள் சந்திக்காமல் போகும். இதற்குச் சோதனை எளிது. இரண்டரை அங்குல அகலமான மூன்று துண்டுகளை அடுத்தடுத்து மூட்டி அழுத்தினால், நடுத்துண்டு சரியாக இரண்டு அங்குலமாகவும் மொத்தம் ஆறரை அங்குலமாகவும் இருக்க வேண்டும். நான்காவது தடவைதான் எங்களுக்குச் சரிவந்தது. அந்த இடத்தில், ஊசியிலிருந்து கால் அங்குலத் தூரத்தில், இயந்திரத் தட்டின்மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை இரண்டு மடிப்பாக ஒட்டி, துணி அதில் முட்டிக்கொண்டு செல்லுமாறு செய்தோம். பல்வெட்டு விளிம்பில் பல்லின் நுனியிலிருந்து அளப்பதா, பள்ளத்திலிருந்து அளப்பதா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். எங்களிடம் இருந்தவை நுனியிலிருந்து நுனிக்கு ஐந்து அங்குலமாக இருந்ததால் நுனிகளையே பிளாஸ்டரோடு முட்ட வைத்தோம்.

பத்து அங்குலச் சதுரங்களைக் கொண்டு செய்த போர்வையே இந்த வேலையின் நல்ல பகுதி. கடும் சிவப்பும் கருநீலமும் சாயம் விடுமோ என்ற ஐயத்தில், அத்தகைய ஒவ்வொன்றின்மேலும் ஈரமான வெள்ளைத் துணியை வைத்துச் சூடாக அழுத்திப் பார்த்தோம். இரண்டு சதுரங்கள் வெள்ளையில் நிறம் பதித்தன. உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் போதும் என்று சின்னம்மா சொன்னார். சாயமிடும்போது உப்பு உதவுவது உண்மை. ஒட்டாமல் எஞ்சிய சாயத்தை அது பின்னர் பிடித்து வைக்காது. ஆகவே அவ்விரண்டையும் தண்ணீர் தெளியும் வரை தனியே அலசினோம். அலசியதில் அவை ஒரு பக்கமாகக் கால் அங்குலம் சுருங்கிவிட்டன. பொதித் துண்டுகளைத் தைக்குமுன் கழுவக் கூடாது என்று ஏன் சொல்கிறார்கள் என்பது அப்போது விளங்கியது. சுருங்கிய இரண்டையும் கடைசி வரிசையில் வைத்து, அந்த வரிசை முழுவதையும் கால் அங்குலம் குறைத்து வெட்டிச் சமாளித்தோம்.

ஆறுக்கு ஏழாக அடுக்கியபோது மேல்துணி ஏறத்தாழ 57 அங்குலத்துக்கு 66 அங்குலம் வந்தது. நிறங்களை அடுக்குவதற்கு நடுமண்டபத் தரையில் பரப்பி, மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க இருந்தோம். விசிறி சுழன்றால் 42 சதுரங்களும் எழுந்து இடம் மாறிவிடும். வரிசை ஒற்றையாயின் தையல்மடிப்பை இடப்பக்கமும் இரட்டையாயின் வலப்பக்கமும் திருப்பி அழுத்தினோம். அப்படிச் செய்தால் இரு வரிசைகளை மூட்டும்போது மடிப்புகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மூலைகள் தாமாகவே சந்திக்கின்றன. மின்னழுத்தியை வைத்து எடுக்க வேண்டும், இழுக்கக் கூடாது என்பதைக் காற்றாடியில் ஏற்கனவே படித்திருந்தோம்.

உள்ளே என்ன வைப்பது என்பதில்தான் எங்கள் ஊர் குறுக்கிட்டது. குளிர்நாட்டு ஒட்டுப்போர்வைகளுக்குள் பஞ்சுத்தகடு வைக்கிறார்கள். கச்சான் காற்று அடிக்கும் வைகாசியிலும் ஆனியிலும் திருகோணமலையில் பஞ்சுப் போர்வை போர்த்துபவர் காய்ச்சல்காரராகத்தான் இருக்க வேண்டும். நாங்கள் நடுவே சின்னம்மாவின் கிழிந்த பருத்திச் சேலை ஒன்றையும், அடியில் கிழியாத இன்னொன்றையும் வைத்தோம். வங்காளத்தில் காந்தா என்னும் போர்வையைப் பழஞ்சேலைகளை அடுக்கித்தான் தைக்கிறார்கள், ஆகையால் இது ஒன்றும் எங்கள் கண்டுபிடிப்பல்ல. அடித்துணிக்குச் சேலையில் 61 அங்குலமாக இரண்டு துண்டு வெட்டிப் பக்கவாட்டில் மூட்டினோம். சேலையின் அகலம் 45 அங்குலம் என்பதால் இரண்டும் சேர்ந்து தேவைக்கு மேலாகவே வந்தது, மிஞ்சிய முந்தானைப் பக்கம் பின்னர் இரண்டு பைகளுக்கு உட்துணியானது. மூன்று அடுக்கையும் தற்காலிகத் தையலால் பிணைத்து, சதுரங்கள் சந்திக்கும் 30 உள்மூலைகளிலும் தடித்த பருத்தி நூலால் முடிச்சுப் போட்டோம். பஞ்சுத்தகடாக இருந்திருந்தால் இன்னும் நெருக்கமாகத் தைக்க வேண்டியிருக்கும், ஏனெனில் பஞ்சு கழுவும்போது இடம்பெயர்ந்து கட்டியாகும். நெய்த சேலை அப்படி ஓடாது. விளிம்பைச் சுற்றி மடித்துத் தைக்கும் பைண்டிங்குக்கு நாடாச் சுருளிலிருந்து ஏழு நாடாக்களை எடுத்தோம். இரண்டரை அங்குலம் என்பது இரட்டை மடிப்புப் பைண்டிங்குக்கு அளவெடுத்து வெட்டியதுபோல் பொருந்துகிறது.

முதற் கழுவலில் போர்வை சுருங்கி, மேல்பக்கம் மெல்லிய சுருக்கங்களோடு எழும்பி நின்றது. சேலை பல ஆண்டுகள் கழுவிச் சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கி முடித்தது; மேல்துணியோ அன்றுதான் முதன்முதலில் தண்ணீர் கண்டது. அக்கா அதைக் குறையாகக் கருதுகிறார். எனக்கு அது பிடித்திருக்கிறது, தைத்த கோணல்களையும் அது மறைத்துவிடுகிறது.

நாடாக்களின் கதை வேறு. 40 நாடாக்களையும் முனையோடு முனை மூட்டி ஒரே நீண்ட நாடாவாக்கி, அதை இரண்டாக மடித்து நீளவாக்கில் தைத்து, மறுபடி மடித்துத் தைத்து, இப்படி ஐந்து தடவையில் 32 வரிசை கொண்ட போர்வையாக்கும் முறை ஒன்று உண்டு. எண்ணும் வேலையோ அடுக்கும் வேலையோ இல்லை என்பதால் அதைத் தேர்ந்தோம். ஒரு நாடா 42 அங்குலம். மூலைவாக்கில் மூட்டுவதில் ஒவ்வோர் இணைப்பிலும் இரண்டரை அங்குலம் போக, மொத்தம் ஏறத்தாழ 1,580 அங்குலம் வந்தது. முதல் மடிப்பிலேயே 65 அடி நீளத்துக்கு ஒரே தையல். அக்காவின் இயந்திரம் காலால் மிதிப்பது. 2022 மின்வெட்டுக் காலத்தில் ஊரில் மற்ற இயந்திரங்கள் நின்றபோதும் ஓடியது. அன்று அதன் பொபின் நூல், அதாவது அடிநூல், நடுவழியில் தீர்ந்துபோனதைக் கவனிக்காமல் பல அடி தூரம் வெறும் ஓட்டைகளாகவே குத்திக்கொண்டு போயிருந்தோம். நீண்ட நாடாவில் முறுக்கு விழுந்தது பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, மடிப்பு முனையை வெட்டும்போது அது நேராகிவிடும். உண்மையான சிக்கல், இயந்திரத்தின் பற்கள் கீழ்த்துணியை இழுக்கும் வேகத்தில் மேல்துணி நகராததுதான். 65 அடிக்குப் பின் ஒரு முனை மற்றதைவிட வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, அடுத்தடுத்த மடிப்புகளில் அந்த வேறுபாடு அலையாகப் பரவியது. வெட்டி நேராக்கியபின் 47 அங்குலத்துக்கு 64 அங்குலம் எஞ்சியது. ஒரு பிள்ளைக்குப் போர்க்கப் போதும். இன்னொரு முறை செய்வதாயின் நாடாக்களைத் தனித்தனி வரிசைகளாகவே மூட்டி, ஒரு வரிசையை மேலிருந்தும் அடுத்ததைக் கீழிருந்தும் தைப்பேன்.

ஐந்து அங்குலச் சதுரங்களில் மிஞ்சியிருந்த 195 விரைவில் தீர்ந்தன. எங்கள் வீட்டுத் தலையணைகள் 18 அங்குலத்துக்கு 27 அங்குலம். நான்குக்கு ஆறாக 24 சதுரங்களை மூட்டினால் ஒரு நூலும் கூடாமல் குறையாமல் அந்த அளவே வருகிறது. நான்கு உறைகளுக்கு 96 சதுரங்கள் போயின, பின்பக்கம் வெறும் வெள்ளைத் துணி. பிறக்கவிருந்த ஒரு பேரப்பிள்ளைக்கான விரிப்புக்கு 42. வெறும் 27 அங்குல அகலம் மாதக் கணக்கில்கூடப் போதாது என்பதால், மத்திய வீதிக் கடையொன்றில் அரை யார் சிவப்புத் துணி வாங்கிச் சுற்றிவர நான்கு அங்குலக் கரை வைத்தோம். கடைக்குக் கொண்டுபோகும் பைகள் இரண்டுக்கு 36. அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் பிடிதுணிகள் ஐந்துக்கு 20. இவற்றுக்குள் பழைய துவாயை இரண்டு மடிப்பாக வைத்தோம், நூலும் பருத்தியே, ஏனெனில் பொலியெஸ்டர் நூலோ பஞ்சோ சூட்டில் உருகும். இரண்டாவது சுருளின் நாடாக்களில் 22 மேற்சொன்ன இரண்டு போர்வைகளுக்கும் பேரப்பிள்ளையின் விரிப்புக்கும் பைண்டிங்காகவும் பைகளுக்குக் கைபிடியாகவும் போக, எஞ்சிய 18-ஐயும் பக்கம் பக்கமாக மூட்டினால் 36 அங்குல அகலம் வந்தது. அது இப்போது சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது.

பிடிதுணியும் பையும் உடனே புழக்கத்துக்கு வந்துவிட்டன. போர்வையைச் சின்னம்மா இரண்டு கிழமை மடித்தே வைத்திருந்தார். கொழும்பிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அதைக் கண்டு எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்ட பிறகே கட்டிலில் விரித்தார். மறு கேள்வி வருமுன் அடிப்பக்கத்தைத் திருப்பி, அது தன் பழைய சேலை என்பதையும் தானே சொன்னார். தன் கல்யாணத்துக்கு அடுத்த வருடம் வாங்கிய சேலை என்பது எங்களுக்கே அப்போதுதான் தெரியவந்தது.

மிஞ்சிய ஒரேயொரு சதுரம், மஞ்சளில் சிறு வெள்ளைப்பூப் போட்டது, அக்காவிடம் இருக்கிறது. புதிதாக ஒருவருக்குத் தைக்குமுன் நூலின் இறுக்கம் பார்க்க அதன்மேல்தான் ஓட்டிப் பார்க்கிறார். மகள் மீண்டும் பெட்டி அனுப்பப் போவதாகத் தொலைபேசியில் சொன்னபோது, சின்னம்மா இடையில் மறித்து, "சின்னச் சதுரம் வேண்டாம் பிள்ளை, பத்து அங்குலமாப் பார்த்து அனுப்பு" என்றார்.